தொட்டிக்குள்ள பாசி, கிணத்துக்குள்ள கதை

மீன்தொட்டிச் செடிகளில் பாசி பிடிச்சால் எல்லாரும் சொல்லுகிற முதல் வைத்தியம், “கிழமைக்கு ஒருக்கா மூண்டில் ஒரு பங்கு தண்ணியை மாத்துங்கோ” என்பதுதான். உரும்பிராயில் மூண்டு பேராகச் சேர்ந்து தொட்டி வைத்திருக்கிற எங்களுக்கு அது சரிவரேல்லை. தண்ணி மாத்த மாத்தப் பச்சை நூல் மாதிரிப் பாசி இலைகளைச் சுத்தினது.

பாசிக்கு வெளிச்சமும் சாப்பாடும் வேணும். அந்தச் சாப்பாட்டில் ஒண்டு நைத்திரேற்று. மீன் கழிவால் தொட்டியில் சேருகிற நைத்திரேற்றைப் புதுத் தண்ணி ஐதாக்கும் என்பதுதான் அந்த வைத்தியத்தின் கணக்கு. சோதனைத் தாளைத் தொட்டியிலும் கிணத்துத் தண்ணியிலும் தோய்ச்சுப் பார்த்தம். கிணத்துத் தண்ணியில்தான் நிறம் கடுமை!

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மாரி மழை செம்மண்ணுக்குள்ளால இறங்கிச் சுண்ணக்கல் வெடிப்புகளில் தேங்குவதுதான் எங்கட கிணத்து நீர். வெங்காயத்துக்குப் போடுகிற யூரியாவும், மலசலகூடக் குழியில் ஊறுவதும் அதே வழியாலதான் இறங்குது.

தொட்டிக்கு வழி இருந்தது. லைற்றை 6 மணித்தியாலமாகக் குறைச்சம். மழைத்தண்ணியைப் பிடிச்சுக் கிணத்துத் தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்தம். பாசி மூடின இலைகளை வெட்டி, கெதியாக வளர்ந்து நைத்திரேற்றை இழுக்கிற ஐதரில்லாவை நிறைய நட்டம். இப்ப புது இலைகள் சுத்தமாக வருது.

ஆனால் எங்களில் ஒராளின்ர அக்காவுக்கு 3 மாசப் பிள்ளை. அதே தண்ணியைக் கொதிக்க வைச்சுத்தான் பால்மா கரைக்கிறவை. கொதிக்க வைச்சால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணி வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவே கைக்குழந்தைகளை மனதில் வைத்ததுதான். மிஞ்சினால் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் பிள்ளை நீலம்பாரிக்கும்.

தாளின் நிறம் ஆய்வுகூட முடிவு இல்லை. அதால ஒரு போத்தலில் தண்ணி எடுத்துப் பரிசோதனைக்குக் குடுத்திருக்கிறம். முடிவு வரும்வரை பால்மாவுக்குக் கடைப் போத்தல் தண்ணிதான்.

தோட்டக்காரரைக் குற்றம் சொல்ல இதை எழுதேல்லை. அவையளும் இந்தத் தண்ணியைத்தான் குடிக்கினம். மீன் வளர்க்கிற ஆக்கள் வீட்டுக் கிணத்திலும் ஒரு தாள் தோய்ச்சுப் பாருங்கோ. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இண்டைக்கே பாருங்கோ.