போனுக்குள்ள ஒரு வாசிகசாலை

போனில் கிடக்கிற பிடிஎஃப் எல்லாத்தையும் இண்டைக்கு ஒழுங்குபடுத்தினேன். பெரும்பாலானவை நூலகம் தளத்திலிருந்து இறக்கினவை. 2005இல் தொடங்கின இந்த எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் புத்தகங்களையும் பழைய சஞ்சிகைகளையும் இலவசமா வாசிக்கலாம். ஒரே ஒரு சிக்கல்: இறக்கினா கோப்புக்குப் பெயரா வாறது வெறும் நூலக எண்தான். வரிசையா இலக்கங்கள் நிண்டா, எது கவிதை, எது ஊர் வரலாறு எண்டு யாருக்குத் தெரியும்?

அதனால ஆசிரியர், தலைப்பு, ஆண்டு எண்ட ஒழுங்கில பெயர் மாத்தினேன். கடைசியில நூலக எண்ணையும் விட்டுவெச்சேன். போன் மாத்தினாலும் திரும்பத் தேடி எடுக்கலாம்.

மறுகா மூன்று ஃபோல்டர். 'இப்ப': இதில ரெண்டு புத்தகத்துக்கு மேல இடமில்ல. 'பிறகு': ஆசைக்குச் சேர்த்தவை; சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' நாவல் (1885) இன்னும் இதுக்குள்ளதான். 'நம்மட ஊர்': கல்முனைப் பக்கத்து எழுத்தாளர்கள் நுஃமான், சோலைக்கிளி, மருதூர்க்கொத்தன். 1969இல் நுஃமான் கல்முனையிலிருந்து நடத்தின 'கவிஞன்' சஞ்சிகைக்கும் இதிலதான் இடம்.

இந்த மூன்றாவது ஃபோல்டர்தான் எனக்குப் பெரிசு. 2004 டிசம்பர் 26 சுனாமியில நம்மட கடற்கரையோரத்து வீடுகளோட எத்தின அலுமாரிப் புத்தகங்கள் போச்சு. உங்கட வீட்டில பழைய ஊர் மலர், பாடசாலைச் சஞ்சிகை ஏதும் மிஞ்சிக் கிடந்தா, கறையான் அரிக்க முந்தி நூலகம் தளத்துக்கு ஸ்கேன் பண்ணக் குடுங்க.

உங்கட 'இப்ப' ஃபோல்டரில என்ன ரெண்டு புத்தகம்? கீழ எழுதுங்க.