புத்தகம் சொன்னதும் உடம்பு சொன்னதும்

எந்தப் பெரிய ரயில் நிலையத்தின் புத்தகக் கடையிலும் கண்ணுக்கு நேரான தட்டு ஒரே இனத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். நண்பர்களைச் சம்பாதிப்பது எப்படி, பணம் சேர்ப்பது எப்படி, கவலையை விடுவது எப்படி, மருந்தில்லாமல் சர்க்கரையை விரட்டுவது எப்படி. நாவலும் கவிதையும் மூலைக்குப் போயிருக்கும். டெல்லியானாலும் நாக்பூரானாலும் விஜயவாடாவானாலும் மொழி மாறும், தட்டு மாறாது.

சரக்கு புதிதல்ல. ஸ்காட்லாந்துக்காரரான சாமுவேல் ஸ்மைல்ஸ் ‘செல்ஃப் ஹெல்ப்’ என்று பெயர் சூட்டியே 1859இல் ஒரு புத்தகம் போட்டார். 1936இல் அமெரிக்காவிலிருந்து டேல் கார்னகி வந்தார். தமிழில் அப்துற் றஹீம் பாதை போட்டார். அவருக்குப் பின் எம்.எஸ். உதயமூர்த்தி. அவருடைய செல்வாக்கு எவ்வளவு என்றால், 1988இல் வந்த ‘உன்னால் முடியும் தம்பி’ படத்தில் கமல்ஹாசன் ஏற்ற பாத்திரத்துக்கே உதயமூர்த்தி என்றுதான் பெயர். 1998இல் ஷிவ் கேராவின் ‘யூ கேன் வின்’ வந்த பிறகு, இந்தப் புத்தகங்கள் கடையை விட்டு இறங்கி நடைபாதைக்கும் போக்குவரத்து சிக்னலுக்கும் வந்து சேர்ந்தன.

மெத்தப் படித்தவர்கள் இவற்றைப் பார்த்துச் சிரிப்பது வழக்கம். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் திமிரும் உண்டு. அப்பா அதிகாரி, மாமா வக்கீல் என்றிருக்கும் வீட்டில் பிறந்தவனுக்கு நேர்முகத் தேர்வில் எப்படி உட்காருவது, மேலதிகாரியிடம் எப்படி மறுத்துப் பேசுவது என்பதெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே தெரிந்துவிடும். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்து, வேலை தேடி சூரத்திலோ புனேயிலோ அறை எடுத்துத் தங்கும் இளைஞனுக்கு இதையெல்லாம் சொல்ல யார் இருக்கிறார்கள்? இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மாமாதான் அவனுக்கு இந்தப் புத்தகம். அதைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் அதே தட்டில் இரண்டு வகை கலந்து கிடக்கிறது. முன்னேற வழி சொல்லும் புத்தகம் பொய்த்தால் நஷ்டம் சில நூறு ரூபாயும் கொஞ்சம் நம்பிக்கையும்தான். உடம்புக்கு வழி சொல்லும் புத்தகம் பொய்த்தால்?

இந்தக் கேள்வியைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்த ஒரு வாசகர் இந்த நாட்டுக்கு உண்டு. அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. லண்டனில் சட்டம் படித்த நாட்களில் ஃபாரிங்டன் தெருவில் இருந்த சைவ உணவு விடுதியின் வாசலில், ஹென்றி சால்ட் எழுதிய சைவ உணவுப் புத்தகத்தை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். அதுவரை தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகப் புலால் உண்ணாதிருந்தவர், அதைப் படித்த பின் தானே விரும்பிச் சைவரானார். 1904இல் ஜோஹன்னஸ்பர்கிலிருந்து டர்பன் போகும் ரயிலில் ரஸ்கினின் புத்தகத்தை இரவெல்லாம் படித்தார். அந்த ஆண்டே ஃபீனிக்ஸ் குடியிருப்பு உருவானது. தலைவலிக்கும் மலச்சிக்கலுக்கும் லூயி கூனேயின் தொட்டிக் குளியல், அடால்ஃப் ஜஸ்டின் மண் பட்டி என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். காலைச் சிற்றுண்டியை விட்டதும் தலைவலி நின்றது, மலச்சிக்கல் நிற்கவில்லை என்று இரண்டையும் எழுதி வைத்தார். புத்தகத்தை மூடியதும் காரியத்தில் இறங்கும் வாசகர் அவர்.

அந்தப் பழக்கம் 1902இல் பம்பாயில் ஒரு பயங்கரமான இரவில் கொண்டுபோய் நிறுத்தியது. பத்து வயது மகன் மணிலாலுக்கு டைபாய்டு, கூடவே நிமோனியா. காய்ச்சல் 104 டிகிரி. வந்து பார்த்த பார்சி டாக்டர், மருந்தால் பெரிய பலன் இராது, முட்டையும் கோழிச் சாறும் கொடுக்கலாம் என்றார். காந்தி மறுத்தார். கூனேயின் முறைப்படி ஈரத் துணியில் பையனைச் சுற்றிப் படுக்க வைத்துவிட்டு, மனம் தாளாமல் சௌபாத்திக் கடற்கரைப் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது பையனுக்கு வியர்த்திருந்தது. காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. நீர் கலந்த பாலும் பழச்சாறுமாக நாற்பது நாள் பணிவிடை செய்து பிள்ளையை மீட்டார்.

இன்றைய ஆரோக்கியப் புத்தகம் ஒன்றுக்கு இந்த ஒரு சம்பவம் போதும், அட்டையிலேயே போட்டுவிடுவார்கள். காந்தி அப்படிச் செய்யவில்லை. பிழைத்தது கடவுள் அருளாலா, நீர்ச் சிகிச்சையாலா, பத்தியத்தாலா, பணிவிடையாலா என்று யாரால் சொல்ல முடியும் என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவ்வப்போது வந்து நாடியும் நெஞ்சும் பார்க்கும்படி அதே டாக்டரிடம் கேட்டுக்கொண்டதையும் மறைக்கவில்லை.

இதில் வாசகர் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. 1902இல் டைபாய்டுக்கு மருந்தே கிடையாது. குளோராம்பெனிகால் அதைக் குணமாக்கும் என்பது தெரிய வந்தது 1948இல். அன்று காந்தி மறுத்தது கோழிச் சாற்றை. இன்று அதே கதையைப் படித்துவிட்டு அதே ஈரத் துணியோடு நிற்கும் தகப்பன் மறுப்பது, பிள்ளையைக் காப்பாற்றக்கூடிய மருந்தை. செய்கை ஒன்றுதான், காலம் அதன் பொருளை மாற்றிவிட்டது. பழைய ஆரோக்கியப் புத்தகங்கள் இந்த மாற்றத்தைச் சொல்லாது.

காந்தியே ஓர் ஆரோக்கியப் புத்தகம் எழுதினார். 1913இல் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் குஜராத்தியில் வந்த கட்டுரைகள் அவை. 1921இல் சென்னை எஸ். கணேசன் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். தான் எழுதியவற்றில் கிழக்கிலும் மேற்கிலும் மிக அதிகம் படிக்கப்பட்டது அதுதான் என்றும், ஏனென்று தனக்கே புரியவில்லை என்றும் காந்தி பின்னாளில் வியந்தார். அந்த நூலில் பால் மனிதனுக்குத் தேவையில்லை என்று வாதாடியிருந்தார். தானும் 1912இலேயே பாலை விட்டிருந்தார்.

1918இல் கேடா மாவட்டத்தில் கடும் சீதபேதி அவரைச் சாய்த்தது. உடம்பு எலும்புக்கூடானது. பால் குடிக்காமல் உடம்பைத் தேற்ற முடியாது என்றார் பம்பாய் டாக்டர் தலால். விரதம் குறுக்கே நின்றது. பக்கத்தில் நின்ற கஸ்தூர்பா, அப்படியானால் ஆட்டுப் பாலுக்குத் தடையில்லையே என்றார். விரதம் எடுத்தபோது மனதில் இருந்தது பசுவும் எருமையும்தான்! காந்தி ஆட்டுப் பால் குடித்தார். விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி உயிரை விட்டுவிட்டோமே என்ற உறுத்தல் அவருக்குக் கடைசி வரை இருந்தது.

அதைவிடப் பெரிய காரியம் அடுத்து வருகிறது. 1925 முதல் தொடராக எழுதிய சத்திய சோதனையில், தன் ஆரோக்கிய நூலை நம்பிப் பாலை விட்டவர்கள், அனுபவத்தில் நன்மை கண்டாலோ அனுபவமுள்ள வைத்தியர் சொன்னாலோ தவிர, அந்தச் சோதனையைத் தொடர வேண்டாம் என்று பகிரங்கமாக எச்சரித்தார். டாக்டர்களைச் சாடி 1909இல் எழுதியவர், 1924இல் புனே சசூன் மருத்துவமனையில் குடல்வால் அறுவைக்கும் உடன்பட்டார். 1942இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் இருந்தபோது அந்த ஆரோக்கிய நூலை வேறு பெயரில் புதிதாகவே எழுதினார். பால் விஷயத்தில் பட்டதையும் அதில் சொன்னார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

ரயில் நிலையத் தட்டில் இருக்கும் புத்தகங்களில் இப்படி ஒரு பக்கத்தைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. பிழைத்தவர்கள் கதை எல்லாவற்றிலும் உண்டு. அதே முறையைப் பின்பற்றிப் பிழைக்காதவர்கள் கடிதம் எழுதுவதில்லை. 1984இல் வெளியாகி உலகெங்கும் விற்ற லூயிஸ் ஹேயின் புத்தகம், ஒவ்வொரு நோய்க்கும் எதிரே அதற்குக் காரணமான எண்ணம் இது என்று பட்டியலே போட்டது. இதை நம்பும் நோயாளிக்கு நோய் ஒரு பாரம். தன் எண்ணத்தால்தான் வந்தது என்ற குற்ற உணர்வு இன்னொரு பாரம்.

மருந்தைப் பொய்யாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954இலேயே இந்தியாவில் சட்டம் வந்துவிட்டது. நீரிழிவையும் புற்றுநோயையும் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வது குற்றம். புத்தகம் தரும் அறிவுரையை எடைபோட வேண்டிய வேலை பெரும்பாலும் வாசகர் தலையிலேயே விழுகிறது. அந்த எடை சில சமயம் உயிரின் எடை. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. 1922இல் அந்த ஊசி முதன்முதலில் போடப்படும் வரை அந்த நோய்க்குத் தப்பிய குழந்தை இல்லை என்றே சொல்லலாம்.

இதற்காகத் தட்டையே காலி செய்ய வேண்டியதில்லை. தினமும் நடப்பது, உப்பைக் குறைப்பது, நேரத்தில் தூங்குவது, புகையிலையை விடுவது போன்ற யோசனைகளைப் பெரும்பாலோர் தாராளமாகச் செய்து பார்க்கலாம். பலனை உடம்பே சொல்லும். மாத்திரையை நிறுத்து, ஊசியை விடு என்று சொல்லும் பக்கம் வந்தால், புத்தகத்தோடு நேரே டாக்டரிடம் போவதுதான் முறை. மகனை ஈரத் துணியில் சுற்றிய தகப்பன்கூட வெப்பமானியைக் கீழே வைக்கவில்லை. டாக்டரை வர வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.