அம்மாவின் சலத்தையும் பாருங்கோ

எங்கட வீட்டில் சலத்தைப் பற்றிக் கதைக்க இப்ப ஒருத்தருக்கும் வெட்கமில்லை. அண்ணாவுக்கு அல்போர்ட் நோய். சிறுநீரக வடிகட்டியின் மென்சவ்வுக்குத் தேவையான நான்காம் வகைக் கொலாஜன் பிழையாக உருவாகிற பரம்பரை நோய் அது. அதே கொலாஜன் உட்காதிலும் இருக்கிறது. ஒரே குடும்பத்தில் சலத்தில் இரத்தமும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருவதை 1927இல் எழுதிய மருத்துவரின் பெயர்தான் நோய்க்கும்.

அண்ணாவுக்குக் காது மந்தமானபோது பள்ளிக்கூடத்தில் 'கவனமில்லாத பெடியன்' எண்டார்கள். தடிமன் காய்ச்சல் வந்தால் சலம் தேத்தண்ணி நிறத்தில் போகும். அதற்கு ஊர் சொன்ன காரணம், "தண்ணி சரியில்லை". அனுராதபுரம் பக்கத்து விவசாயிகளின் காரணம் தெரியாத சிறுநீரக நோயைக் கேள்விப்பட்ட நாட்டில் கிட்னி எண்டாலே கிணற்றில்தான் பழி. காதையும் சலத்தையும் ஒருத்தரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

எனக்கு இன்னும் கோபம் வருவது ஒரு ரிப்போர்ட்டை நினைத்துத்தான். "கிறியற்றினின் நோர்மல், பயப்பட ஒன்றுமில்லை" எண்டு அனுப்பிவிட்டார்கள். வடிகட்டும் திறனில் பாதியளவு போனபிறகும் கிறியற்றினின் நோர்மலாக இருக்கலாம். இந்த நோய் அதற்கு எவ்வளவோ முன்னரே சலத்தில் தெரியும். முதலில் மைக்ரோஸ்கோப்பில் மட்டும் தெரிகிற இரத்தம், பிறகு மெல்லக் கசிகிற அல்பியூமின். விடியச் சலத்தில் அல்பியூமின்-கிறியற்றினின் விகிதம் பார்த்தால் பிடிபட்டிருக்கும். அந்தக் கட்டத்திலேயே றமிப்ரில் போன்ற சாதாரண பிரஷர் குளிசையைத் தொடங்கினால் டயாலிசிஸை வருடக்கணக்கில் தள்ளிப்போட ஏலும்.

அண்ணாவுக்குப் பிந்திவிட்டது. "என்ர கிட்னியை எடுங்கோ" எண்டு அம்மா உடனேயே சொன்னா. பரிசோதித்தால் அம்மாவின் சலத்திலும் இரத்தம். மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால், 'பெண்கள் காவிகள் மட்டும்தான்' எண்டு நிறையப் பேர் நினைக்கிறார்கள். காவி எண்ட சொல்லே எனக்குப் பிடிக்காது. அம்மா எதையோ சுமந்துகொண்டு நடந்த மாதிரி. பெண்களுக்கும் அல்பியூமின் கசியும், சிலருக்குப் பிந்திய வயதில் சிறுநீரகமே செயலிழக்கும்.

அக்காவுக்கும் எனக்கும் இரத்தம் தெரிகிறது. அல்பியூமின் இன்னும் இல்லை, வருடாவருடம் பார்க்கச் சொல்லியிருக்கினம். அக்காவின் மகனுக்கு நாலு வயது. "ஓடித்திரியிற பிள்ளைக்கு ஏன் டெஸ்ட்?" எண்டு அவளின் மாமி கேட்டா. அக்கா பதில் சொல்லவில்லை. போத்தலைக் கழுவிக் காயவைத்தாள். திங்கள் விடிய நான்தான் கொண்டுபோய்க் குடுக்கிறன்.