தேனீயே முன்சுவர்

ஸ்லோவேனியாவின் தலைநகர் லுப்லியானாவிலிருந்து வடமேற்கே ஆல்ப்ஸ் மலைப் பக்கம் போகிறவர்கள், பழத்தோட்டங்களின் ஓரத்தில் சிறிய மரக் கட்டடங்கள் நிற்பதைக் காணலாம். அவை தேனீ வீடுகள். மற்ற பக்கங்களில் பலகைச் சுவர் உண்டு. வெயில் படும் முன்பக்கத்தில் சுவர் கிடையாது. வரிசை வரிசையாக அடுக்கிய தேனீப் பெட்டிகளே அங்கே சுவர். மழை பெட்டிகளில் அடிக்காதபடி கூரை முன்னால் நீண்டிருக்கும். தேனீக்கள் வெளியிலிருந்து வந்துபோக, வளர்ப்பவர் உள்ளே நின்று பெட்டிகளைப் பின்புறமாகத் திறந்து பார்ப்பார். இப்படிப்பட்ட கட்டடத்திலிருந்து பெட்டிகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பக்கம் திறந்த கொட்டகைதான். அதனால் பழைய தேனீ வீட்டைப் புதுப்பிப்பது என்றால், அதில் மறுபடி தேனீ வளர்ப்பதும் அந்த வேலையில் சேர்த்தி என்பதே என் வாதம்.

இந்த வீடுகளின் வரலாறே இதற்குச் சான்று. பழைய காலத்துப் பெட்டிகள் நீண்டு, தாழ்வாக, ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வசதியாக இருந்தன. அவற்றின் முகப்புப் பலகைகளில் நாட்டுப்புற ஓவியர்கள் புனிதர்களையும் கேலிச் சித்திரங்களையும் தீட்டினார்கள். கிடைத்துள்ளவற்றில் மிகப் பழையது 1758ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1770இல் வியன்னாவில் அரசி மரியா தெரேசாவின் ஆட்சியில் தேனீ வளர்ப்பு ஆசிரியராக அமர்ந்த அன்டோன் யான்ஷாவும் இந்த மலையடிவாரத்துக்காரர்தான். 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்பவர், தேனடைகளைத் தாங்கும் சட்டங்களைக் கழற்றி மாட்டக்கூடிய பெட்டியை உருவாக்கினார். அதை மேலிருந்து திறக்க வேண்டும். அடுக்கி வைத்தால் திறக்க முடியாது. அந்தப் பெட்டி பரவிய நாடுகளில் கூடுகள் வெட்டவெளிக்குப் போயின. ஸ்லோவேனியாவில் அன்டோன் ஷ்னிதெர்ஷிச் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பின்புறமாகச் சட்டங்களை உருவும் பெட்டியை இந்த வீடுகளுக்கு ஏற்ப அமைத்தார். பெட்டி மாறியதால்தான் வீடு பிழைத்தது.

புதிய பெட்டியை வைத்தால் பழைமை கெட்டுவிடாதா என்று கட்டடப் பாதுகாவலர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பழைய பெட்டியில் அடைகள் பலகையோடு ஒட்டியிருக்கும். வெட்டாமல் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. தேனீக்களைத் தாக்கும் வர்ரோவா உண்ணி பரவியிருக்கும் இன்று அப்படிக் கண்மூடி வளர்ப்பது கூட்டத்தைச் சாகவிடுவதுதான். ஓவியப் பலகைகளைப் பொறுத்தவரை வழி ஏற்கெனவே இருக்கிறது. ரதோவ்லியிட்சா ஊரின் தேனீ வளர்ப்பு அருங்காட்சியகத்தில் மூலப் பலகைகள் பத்திரமாக உள்ளன; யான்ஷாவின் ஊரான ப்ரெஸ்னிட்சாவில் மறுபடி கட்டிய தேனீ வீட்டில் நகல்களே வெயிலையும் மழையையும் தாங்குகின்றன. ஓவியத்துக்கு நிழல் வேண்டும், தேனீக்கு வெளி வேண்டும். இரண்டையும் ஒரே பலகையிடம் கேட்கக் கூடாது.

வளர்க்க ஆளில்லாத இடத்தில் கட்டடத்தையாவது காப்பாற்றுவது தவறா என்பது இன்னொரு கேள்வி. தவறில்லை, கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வது எப்போதும் முதல் வேலை. ஆனால் நாளைக்குத் தேனீ வரும் என்ற நினைப்போடு செய்தால் அந்த வேலையே வேறாகிவிடும். மரத்தை அரிக்கும் பூச்சிக்காகப் பூசும் நஞ்சு தேனீயையும் கொல்லும். ஆகவே உளுத்த பலகைக்கு மருந்தடிப்பதைவிட அதை மாற்றுவதே மேல். அலங்காரத்துக்காகக் கூரை நீட்டத்தைக் குறைக்க மாட்டார்கள்; பின்னால் ஆள் நிற்கும் இடத்தைச் சாமான் அறையாக்க மாட்டார்கள். 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் ஸ்லோவேனியாவின் தேனீ வளர்ப்பு என்னும் வாழ்க்கைமுறைதான், கட்டடங்கள் அல்ல. பழுதுபார்க்கக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கை, வளர்க்கப் பழகும் இளையவர்களுக்கு ஒதுக்குவதே சரியான கணக்கு. தச்சர் ஒருமுறை வந்து போவார். கூரை ஒழுகுவதை முதலில் கவனிப்பவர் அன்றாடம் உள்ளே நிற்கும் தேனீ வளர்ப்பவரே.