மலிவான உமியும் பாதிக் கணக்கும்

அடிவாரத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் ஏற்காட்டின் காப்பித் தோட்டங்கள். திரும்பினால் வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன சேலம். காப்பியைப் பதப்படுத்தினால் உமி மிஞ்சும். உலோக முலாம் பூசும் பட்டறைகளின் கழிவுநீரில் செம்பு, நிக்கல், துத்தநாகம் மிஞ்சும். ஒரு குப்பையை வைத்து இன்னொன்றைச் சுத்தம் செய்யலாம் என்கிறது வேதியியல்.

எப்படி? காப்பி உமி, நெல் உமி, தேங்காய் நார் எல்லாவற்றிலும் செல்லுலோஸும் லிக்னினும் உண்டு. அவற்றிலுள்ள ஹைட்ராக்சில், கார்பாக்சில் தொகுதிகள் நீரில் கரைந்த உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைத்த ஊரில், தாவரத்தால் நீரைச் சுத்தம் செய்வது புதுசு இல்லை.

ஆனால் ஒரு விஷயம். உலோகம் மக்காது, எரித்தாலும் அழியாது. தண்ணீரில் இருந்தது உமிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். உமி நிறைந்ததும் அமிலத்தில் கழுவி உலோகத்தை மீட்க வேண்டும். இல்லையென்றால் பாதுகாப்பாகப் புதைக்க வேண்டும். அந்தச் செலவு யார் கணக்கில்? பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே பதில் சொல்லிவிட்டது: மாசுபடுத்தியவரே கொடுக்க வேண்டும்.

உமியின் விலையை மட்டும் எழுதி "மலிவு" என்றால் அது பாதிக் கணக்கு. பயன்படுத்திய உமியைக் குப்பைமேட்டில் கொட்டினால், மீதிக் கணக்கைத் தீர்ப்பது பக்கத்துக் கிணற்றுக்காரர்தான்.