தார் பாலையில் ஓர் ஆண்டு

ஜூன்

ராஜஸ்தானின் மேற்கு ஓரத்தில் ஜெய்சால்மர், பார்மர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது பாலைவனத் தேசியப் பூங்கா. 1980இல் அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். பெயர்தான் தேசியப் பூங்கா. சட்டப்படி இது வனவிலங்குச் சரணாலயம். எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் இதன் எல்லைக்குள் இருக்கின்றன. ஆடும் மாடும் ஒட்டகமும் மேயும் அதே தரையில்தான் காட்டுயிர்களும் வாழ்கின்றன.

பாலை என்றதும் மணல்மேடுகளே கண்முன் வரும். ஆனால் இங்கே மணல்மேடுகள் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மற்றவை கரடுமுரடான பாறைத் தரை, சரளைச் சமவெளி, வறண்டு இறுகிப்போன உப்பு ஏரிப் படுகைகள், புல் பிடித்து அசையாமல் நின்றுவிட்ட பழைய மேடுகள். உயிர்கள் செழிப்பது பெரும்பாலும் இந்த மிச்ச நிலத்தில்தான். அலையலையான மணலை மட்டும் படமெடுத்துத் திரும்புகிறவர் பூங்காவின் பெரும்பகுதியைப் பார்க்காமலே போகிறார்.

ஜூன் மாத வெயில் 45 டிகிரியைத் தாண்டும். 'லூ' எனப்படும் அனல்காற்று பகல் முழுவதும் வீசும். எலிகள் வளைக்குள் ஒடுங்கும். முள்வால் பல்லி காலையில் இலைதழை மேய்ந்துவிட்டு, வெயில் ஏறியதும் தன் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். சிங்காரா மானுக்குத் தண்ணீர் எப்போதும் கிடைக்க வேண்டும் என்பதில்லை. தின்னும் தழையிலும் காயிலும் உள்ள ஈரத்தைக் கொண்டே நெடுநாள் சமாளிக்கும். அதற்கு நிழல் தருவது கேஜ்ரி மரம். தமிழ்நாட்டுச் சிவன் கோயில்கள் சிலவற்றில் தலமரமாக நிற்கும் வன்னிதான் இது. மற்ற செடிகள் காய்ந்து கருகும் கோடையில் வன்னி துளிர்க்கும். அதன் காயைச் 'சாங்கிரி' என்று உலர்த்தி வைத்து ஆண்டு முழுவதும் சமைக்கிறார்கள்.

ஜூலை

மழை வந்தால் இந்த மாதத்தில் வரும். ஆண்டுச் சராசரி 200 மில்லிமீட்டர் அளவே, அதுவும் உறுதியில்லை. ஒரு நல்ல மழைக்கே தரையின் நிறம் மாறிவிடும். சேவண் புல் தூரிலிருந்து பசுமையாகக் கிளம்பும். பல்லாண்டு வாழும் இந்தப் புல்லின் வேர் மணலை இறுகப் பிடித்து வைக்கிறது. மாட்டுக்கு இதைவிடச் சத்தான தீவனம் இந்த வட்டாரத்தில் இல்லை என்பது மேய்ப்பவர்களின் அனுபவம். சேவண் போனால் மணல் நகரத் தொடங்கும்.

புல் தழைத்ததும் வெட்டுக்கிளியும் வண்டும் பெருகும். அவற்றை நம்பித்தான் கானமயில் இனப்பெருக்கத்துக்கு இறங்குகிறது.

ஆகஸ்ட்

கானமயில் ராஜஸ்தானின் மாநிலப் பறவை. அங்கே கோடாவண் என்பார்கள். ஒரு மீட்டர் உயரம் நிற்கும். ஆண் பறவை 15 கிலோ வரை எடை வைக்கும். பறக்கும் பறவைகளில் உலகின் மிகக் கனமானவற்றுள் ஒன்று. ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட சமவெளிகள் உட்பட இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தது. இன்று உலகிலேயே 150க்கும் குறைவான பறவைகள்தான் எஞ்சியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்தப் பூங்காவிலும், இதற்குக் கிழக்கே பொக்ரான், ராம்தேவ்ரா பகுதிகளிலும் உள்ளன. தார் பாலை கைவிட்டால் இந்த இனத்துக்குப் போக வேறிடம் இல்லை.

மழைக்காலத்தில் ஆண் கானமயில் திறந்த வெளியில் தொண்டைப் பையை ஊதிப் பெருக்கி, வாலை முதுகின் மேல் நிமிர்த்தி, ஆழ்ந்த குரலில் முழங்கும். அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் அது கேட்கும். பெண் பறவை கூடு எதுவும் கட்டுவதில்லை. வெறும் தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். ஏறத்தாழ நான்கு வாரம் தனியாகவே அடைகாக்கும். குஞ்சு ஓராண்டு வரை தாயோடு சுற்றும். ஒரு முட்டை போனால் அந்தப் பறவைக்கு அந்த ஆண்டே வீணாகலாம். ஜீப் சத்தத்துக்கோ ஆள் நடமாட்டத்துக்கோ அஞ்சி அது எழுந்து போனால், நாயோ நரியோ உடும்போ அந்த முட்டையை எடுக்கச் சில நிமிடம் போதும். அதனால்தான் முட்டையிடும் இடங்களை வனத்துறை வேலியிட்டு அடைத்திருக்கிறது. சுதாசரி அவற்றில் பெயர்பெற்றது. வெளியாட்கள் இந்த மாதங்களில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே பறவைக்குச் செய்யும் பெரிய உதவி.

செப்டம்பர்

முன்பு வேட்டை இந்தப் பறவையை அழித்தது. இன்று அதைக் கொல்வது மின்கம்பி. கானமயிலின் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்தவை. நேர் எதிரே பார்க்கும் பரப்பு குறுகலானது. கம்பி கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும், கனத்த உடலைச் சட்டென்று திருப்ப முடியாது. வெயிலும் காற்றும் மிகுந்த ஜெய்சால்மரில் சூரிய மின் நிலையங்களும் காற்றாலைகளும் பெருகியதோடு உயரழுத்தக் கம்பிகளும் பெருகின.

காட்டுயிர் அறிஞர் எம்.கே. ரஞ்சித்சிங் முதலானோர் தொடுத்த வழக்கில், 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கானமயில் வாழும் பகுதிகளில் கம்பிகளை இயன்றவரை நிலத்தடிக்கு மாற்ற உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அந்தப் பொது உத்தரவைத் தளர்த்தி, எங்கே எதைச் செய்யலாம் என ஆராய நிபுணர் குழுவை அமைத்தது. தூய மின்சாரமும் தேவை, பறவையும் தேவை என்பதால் வழக்கு எளிதானதல்ல. ஆனாலும் இந்தச் சிக்கலின் வேர் பழையது. புல்வெளியை வருவாய்க் கணக்கில் தரிசு என்று எழுதும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. தரிசு என்று பதிவான நிலத்தில் எதை வேண்டுமானாலும் நடலாம் என்ற எண்ணம் அங்கிருந்தே வருகிறது. கானமயில் விஷயத்தில் மிகவும் வருத்தத்துக்குரியது இதுதான்.

அக்டோபர்

2019இல் ஜெய்சால்மர் மாவட்டத்தின் சாம் என்ற ஊரில் கானமயில் இனப்பெருக்க மையம் தொடங்கப்பட்டது. காட்டிலிருந்து எடுத்த முட்டைகளைப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளை வளர்க்கிறார்கள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் முறையில் முதல் குஞ்சு பிறந்தது. பெரிய சாதனைதான். ஆனால் வளர்த்த பறவைகளை விடுவதற்குக் கம்பியும் தெருநாயும் இல்லாத புல்வெளி வேண்டுமே.

டிசம்பர்

குளிர் வந்ததும் வடக்கிலிருந்து விருந்தாளிகள் இறங்குகின்றன. புல்வெளிக் கழுகு, ஹூபாரா எனப்படும் சிறு கானமயில் இனம், கருவயிற்றுக் கல்கவுதாரி, பலவகை வானம்பாடிகள். செத்த மாட்டை மொய்க்கும் பாறுக் கழுகுகளில் இங்கேயே வாழும் இனங்களோடு வலசை வந்தவையும் சேர்ந்திருக்கும். தரையோடு தரையாகப் பாலைவன நரி வளைவாயில் வெயில் காயும். பாலைவனப் பூனை அந்தியில்தான் வெளியே வரும். சுருட்டை விரியன் குளிரில் அதிகம் தலைகாட்டாது. என்றாலும் புதரடியில் கையை விடக் கூடாது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூங்காவைப் பார்க்க ஏற்ற காலம். ஜெய்சால்மரில் வனத்துறையிடம் அனுமதி பெற்றே உள்ளே போக வேண்டும். நாட்டின் எல்லையை ஒட்டிய பகுதிகளுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. பகலில் இதமாக இருந்தாலும் இரவில் வெப்பம் உறைநிலைக்கு அருகே இறங்கலாம். கம்பளி உடை இல்லாமல் போவது அறியாமை.

ஜனவரி

கூட்டம் மிகுந்த மாதம். சாம் மணல்மேடுகளைச் சுற்றிக் கூடாரங்கள் நிறைந்து, இரவு வெகுநேரம் ஒலிபெருக்கியும் விளக்கும் வாணவேடிக்கையுமாக இருக்கிறது. இரவில் இரை தேடும் முள்ளெலிக்கும் பூனைக்கும் நரிக்கும் அந்த வெளிச்சமும் சத்தமும் இருப்பிடத்தையே இல்லாமல் செய்கின்றன. மணலில் ஜீப்பைத் தாறுமாறாக ஏற்றி இறக்கும் சவாரி இன்னும் மோசம். இறுகிய மேல்மண் உடைந்தால் மீள ஆண்டுகள் ஆகும், வளைகள் நசுங்கும், புல்தூர் பிடுங்கப்படும். இசை வேண்டுமென்றால் மாங்கணியார், லங்கா என்ற இசைச் சமூகங்களின் கலைஞர்களின் பாட்டை ஒலிபெருக்கி இல்லாமல் கேட்கலாம். அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையும் இல்லை.

பறவை பார்க்க வருகிறவர்களிடமும் சில தவறுகள் உண்டு. இன்னும் கொஞ்சம் கிட்டே போ என்று ஓட்டுநரை வற்புறுத்துவது, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது, டிரோன் பறக்கவிடுவது, கானமயில் நின்ற இடத்தைப் படத்தோடு ஊருக்கெல்லாம் அறிவிப்பது. பறவை தலையை உயர்த்தி நடையை மாற்றினாலே நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள். வண்டி ஏற்கெனவே உள்ள தடத்தில்தான் ஓட வேண்டும். நரிக்கு பிஸ்கட் போடக் கூடாது. வீசி எறியும் மிச்சச் சோறு தெருநாய்களைப் பெருக்கும். அந்த நாய்களே கூட்டமாகச் சேர்ந்து சிங்காராவைத் துரத்திக் கொல்கின்றன.

மார்ச்

ரோகிடா மரம் ஆரஞ்சு நிறத்தில் பூத்து நிற்கும். வலசைப் பறவைகள் கிளம்பும். பூங்காவின் உள்ளும் புறமும் இருக்கும் 'ஓரண்'களைப் பார்க்க நல்ல நேரம். ஓரண் என்பது தெய்வத்துக்கு விடப்பட்ட காடு. அங்கே மரம் வெட்டுவதில்லை, மேய்ச்சல் உண்டு. ஊரார் தலைமுறைகளாகக் காத்த இந்நிலங்களால்தான் சிங்காராவும் கானமயிலும் இதுவரை பிழைத்தன. ஊர்க்காரரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, அவர் வீட்டில் தங்கி, கம்பு ரொட்டியும் கேர்-சாங்கிரிக் கறியும் உண்டு, அதற்குரிய காசைக் கொடுத்தால் பூங்கா அவர்களுக்கும் வருமானமாகும். வேலியும் தடையும் மட்டுமே அவர்கள் கண்ட பூங்கா என்றால் அவர்கள் அதை எதற்காகக் காப்பார்கள்?

மே

தண்ணீர்தான் இப்போது எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இங்கேயே வாழும் கல்கவுதாரிகள் காலையில் கூட்டமாக நீர்நிலைக்கு வந்து அவசரமாகக் குடித்துவிட்டுப் பறக்கும். ஆண் பறவை வயிற்று இறகுகளை நீரில் நனைத்து, ஊறிய ஈரத்தை நெடுந்தூரம் சுமந்து போய்க் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். கரையில் ஆள் நின்றால் பறவை இறங்காது; அன்றைக்குக் குஞ்சுகளுக்கு நீர் இல்லை. வனத்துறை தொட்டிகளில் நீர் நிரப்பி வைப்பது இந்த மாதங்களில்தான். கோடையில் வந்தே ஆக வேண்டியவர்கள் தொட்டிகளிலிருந்து நன்றாக விலகி, வண்டிக்குள்ளேயே இருந்து பார்க்க வேண்டும். குடிநீரை ஜெய்சால்மரிலிருந்தே எடுத்து வர வேண்டும், காலிப் புட்டிகளையும் அங்கேயே திருப்பி எடுத்துச் செல்ல வேண்டும்.