கமுக்கம் என்று முத்திரை குத்தியவன்

1968-ல் கொடைக்கானல் மலைப் பக்கம் பெரும்பாறைக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் வானத்திலிருந்து ஏதோ கலம் விழுந்ததாகவும், அதிகாரிகள் இரவோடு இரவாக அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதாகவும் வாட்ஸாப்பில் ஒரு கடிதம் சுற்றுகிறதே, அதை எழுதியவன் நான்தான்.

ஒரு சிறுகதைக்காகத் தயாரித்த தாள் அது. பறக்கும் தட்டு பற்றிய அரசு ரகசியம் என்று சொல்லப்பட்ட, அமெரிக்காவின் 'மெஜஸ்டிக் 12' தாள்கள்தாம் எனக்கு மாதிரி. 1984-ல் ஒருவருக்குத் தபாலில் படச்சுருளாக வந்தவை, எஃப்.பி.ஐ. அவற்றைப் போலி என்று குறித்து மூடிவிட்டது. போலியானால் என்ன, வித்தை பிடித்திருந்தது. ந.க.எண் போட்டேன். 'பார்வை' என்று இரண்டு பழைய கடிதங்களைக் காட்டினேன். உலகத்திலேயே இல்லாத ஒரு துறையை உண்டாக்கி, மேலே 'கமுக்கம்' என்று முத்திரை வைத்தேன். நாலு வரியைக் கறுப்பு மையால் அடித்ததுதான் உச்சம். அந்த நாலு வரியில் நான் எதுவுமே எழுதியிருக்கவில்லை.

கதை ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. யாரோ அந்தத் தாளை மட்டும் படமெடுத்து அனுப்பிவிட்டார்கள். சுற்றிச் சுற்றி எங்கள் சொந்தக்காரர்கள் குழுவுக்கே வந்து சேர்ந்தது. 'ஆதாரம் இதோ' என்று தலைப்பு வேறு. அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் எழுத்தை அத்தனை பேர் அதற்குமுன் படித்ததில்லை என்ற பெருமை வாயை அடைத்துவிட்டது. விஞ்ஞானிகளும் உடந்தை என்று பகிர்ந்தவர்கள் சேர்த்துக்கொண்டபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பெரும்பாறையில் மிளகும் காப்பியும் போட்டிருக்கும் என் மாமா போன் பண்ணினார். "ஏப்பா, அது நம்ம தோட்டத்துப் பக்கந்தான் விழுந்துச்சா? சர்க்காரு இடத்தக் கேக்குமா?" "தெரியல மாமா" என்றேன். கடிதம் கதை. அந்தத் 'தெரியல'தான் பொய்.

இதே மலையில் வானத்திலிருந்து நிஜமாகவே ஒன்று விழுந்திருக்கிறது. 1898-ல் கண்டெடுத்த கொடைக்கானல் இரும்பு விண்கல், சுமார் 16 கிலோ. அதற்குள் இருக்கும் கண்ணாடி போன்ற துணுக்குகளை ஆராய்ந்து ஏறக்குறைய 380 கோடி ஆண்டு வயது என்று 1967-லேயே அச்சில் சொல்லிவிட்டார்கள். சூரியப் புள்ளியின் ஓரங்களில் வாயு வெளிநோக்கி ஓடுவதை வானியலாளர் எவர்ஷெட் 1909-ல் கொடைக்கானல் வானாய்வகத்தில் கண்டார். அதே ஆண்டு ஆய்வகத்தின் சொந்த வெளியீட்டிலேயே போட்டுவிட்டார். நூறு வருஷத்துச் சூரியப் படங்கள் எண்முறையில் இன்று யாரும் பார்க்கக் கிடைக்கின்றன. கண்டதையெல்லாம் அச்சடித்துக் கொடுத்த மலையைத்தான் நான் மறைத்ததாக எழுதினேன்.

தாளில் ஓட்டையும் உண்டு. 1968 என்று தேதியிட்டுவிட்டுத் தலைப்பில் 'தமிழ்நாடு அரசு, திண்டுக்கல் மாவட்டம்' என்று போட்டிருக்கிறேன். மாநிலத்துக்கு அந்தப் பெயர் வந்தது 1969-ல். மதுரையிலிருந்து திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985-ல். ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மாமாவிடம் போன மாதம் நேரில் போய் உண்மையைச் சொன்னேன். வெகுநேரம் என்னையே பார்த்தார். "யாருப்பா உன்ன மெரட்டுனது?" என்றார்.

அந்தத் தாள் உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் தேதியையும் மாவட்டத்தின் பெயரையும் காட்டுங்கள்.